சட்டியின் அடியில் விட்டுவைத்த தயிர்

பாலுக்கும் எருமைக்கும் எலுமிச்சைக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில் பால் புளிக்காது. கெட்டுப்போகும், அவ்வளவுதான். காலையில் கறந்து வைத்தால் மதியத்துக்குள் அழுகல் வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். நூல் நூலாக இழுக்கும், நாற்றம் தெருமுனை வரை போகும், கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான். தயிர் கிடையாது, மோர் கிடையாது. வெயில் காலத்தில் சோற்றுக்கு எதை ஊற்றிப் பிசைந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எதையோ ஊற்றினார்கள், பிழைத்தார்கள்.

அப்போது புளிப்பு என்று ஒரு குடும்பம் இருந்தது. உலகத்தில் ஆளுக்கொரு இடம் பிரித்த நாளில் மூத்தவன் முண்டியடித்துப் புளியமரத்தில் ஏறிவிட்டான். அடுத்தவன் எலுமிச்சைக்குள் புகுந்தான். அதற்கடுத்தவள் மாங்காயைப் பிடித்தாள். கடைசிப் பெண் சின்னப் புளிப்பு. அவளுக்கு எதிலும் நிதானம். வழியில் எறும்பு வரிசை குறுக்கே வந்தால் அது முழுக்கப் போகும்வரை நின்று பார்க்கிற ரகம். அவள் போய்ச் சேர்ந்தபோது மரம் ஒன்றும் மிச்சமில்லை. பார்த்துக்கொள், எங்காவது கிடைக்கும் என்று அண்ணன்கள் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கூடப்பிறந்தவர்கள் எந்தக் காலத்திலும் கூடப்பிறந்தவர்கள்தான்.

சின்னப் புளிப்பு தேனிடம் கேட்டாள். தேன் சிரித்தே விரட்டியது. கிணற்றுத் தண்ணீரிடம் கேட்டாள். எனக்கென்று ஒரு ருசி இல்லாததுதான் என் பெருமை, அதைக் கெடுக்க வந்தாயா என்றது தண்ணீர். கடைசியில் பாலிடம் போனாள். பால் அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறந்த குழந்தைக்கு முதலில் நான்தான், சாமிக்கும் முதலில் நான்தான், என்னை முறித்துப் போடுவதற்கென்றே பிறந்த குடும்பத்துக்காரிக்கு நான் இடம் கொடுப்பதா என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. எலுமிச்சை அண்ணன் பாலில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். சின்னப் புளிப்பு அந்தப் பால் இருந்த வீட்டில், உறியின் கயிற்றில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போக வேறு இடமும் இல்லை.

அது வெள்ளத்தாயி வீடு. வெள்ளத்தாயிக்குக் கணவன் இசக்கி, ஒரு எருமை, அதற்கு அப்போதுதான் பிறந்த ஒரு கன்று. எருமையின் பெயர் காரி. அந்த வருஷம் அடித்த வெயிலில் காரியின் தோல் பனைமரத்துப் பட்டை மாதிரி ஆகிவிட்டது. முதுகில் செதில் செதிலாகத் தடித்தது. அதுகூடப் போகட்டும், மடியும் காம்பும் வறண்டு வெடித்துவிட்டன. கன்று வந்து வாய் வைத்தால் காரிக்கு உயிர் போய் உயிர் வரும். உதைத்துவிடுவாள். பெற்ற தாய் உதைக்கிறாள் என்றால் அந்தக் கன்று எங்கே போகும்? மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. வெள்ளத்தாயி காரியின் காலைக் கட்டி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் பால் கறந்து, காய்ச்சி ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குத் தாய் மடி வேண்டும், கிண்ணம் வேண்டாம். பிடிவாதத்தில் வீட்டு மனிதர்களை அப்படியே உரித்து வைத்திருந்தது.

எலுமிச்சை நல்லது என்று யாரோ சொன்னார்கள். இப்படிச் சொல்வதற்கென்றே ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். வெள்ளத்தாயி ஒரு மூடியை எடுத்து வெடித்த காம்பில் தேய்த்தாள். எலுமிச்சை அண்ணனுக்கு நிதானம் என்றால் என்னவென்றே தெரியாது. சுரீரென்று இறங்கினான். காரி கட்டுத்தறியையே பிடுங்கிக்கொண்டு ஓடியவள், அதன் பிறகு வெள்ளத்தாயியின் புடவை வாடை அடித்தாலே காலைத் தூக்கினாள்.

கன்று குடிக்காத பால் உறிச் சட்டியிலேயே கிடந்தது. சின்னப் புளிப்பு கயிற்றிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுட்டுக்கொண்டு மேலே ஓடி வந்தாள். இன்னொரு நாள் பால் ஜில்லென்று ஆறிக் கிடந்தபோது இறங்கினாள். அந்தக் குளிரில் அவளுக்குத் தூக்கம் சொக்கிவிட்டது. இரண்டு தடவையும் பால் கேலி செய்தது. மூன்றாவது தடவை பால் வெதுவெதுப்பாக இருந்தது. அழுகல் வாசலுக்கே வந்துவிட்டது, ஈக்கள் அதற்கு முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு வந்தன. பாலுக்கு நடுக்கம் எடுத்தது.

“ஏய் சின்னவளே, நீ உள்ளே வந்தால் அவன் வரமாட்டானா?” என்று பால் கேட்டது.

“வரமாட்டான் பாலக்கா. நான் இருக்கிற வீட்டில் அவனுக்கு மூச்சு முட்டும்.”

“என் வெள்ளை போய்விடுமா?”

“போகாது. ஆனால் உன்னால் முன்னைப் போல ஓட முடியாது. ஒரு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். விடியும்வரை நம்மை யாரும் ஆட்டக் கூடாது.”

ஓடி ஓடி நாற்றமெடுத்துச் சாவதைவிட உட்கார்ந்து பிழைப்பது மேல் என்று பால் நினைத்தது. இடம் கொடுத்தது.

விடிந்ததும் வெள்ளத்தாயி சட்டியைச் சாய்த்தாள். பால் வரவில்லை. உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, அசையாமல் என்னவோ உட்கார்ந்திருந்தது. இசக்கி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, பால் செத்து வெறச்சுப் போச்சு” என்றான். எதையும் தொட்டுப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லுகிற ஆண்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள். கன்று குடிக்கவில்லை என்ற வேதனை, எருமையின் உதை, இப்போது இது வேறு. வெள்ளத்தாயி வந்த ஆத்திரத்தில் சட்டியை வாசலைப் பார்த்து வீசிக் கவிழ்த்தாள். உள்ளே இருந்த கட்டி போய் வாசலில் கட்டியிருந்த காரியின் முதுகில் சொத்தென்று விழுந்தது.

காரிக்கு முதலில் லேசாகக் கடித்தது. இனி எதைத்தான் என் தலையில் கொட்டப் போகிறீர்கள் என்று முனகினாள். அப்புறம் முனகலை நிறுத்திவிட்டாள். சின்னப் புளிப்பு வேலையை ஆரம்பித்திருந்தாள். அண்ணன் மாதிரி குத்தவில்லை. செத்த தோலுக்கும் உயிருள்ள தோலுக்கும் நடுவில் மெல்ல நுழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த செதில்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். அடியில் இருந்த புதுத் தோலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். பிறகு காரியின் காதருகே வந்து, இப்போது இந்தத் தோல் பிஞ்சு, வெயில் ஏறுவதற்குள் குளத்தில் இறங்கிவிடு என்றாள். காரி இறங்கினாள். சாயங்காலம் கரையேறியபோது முதுகு எண்ணெய் தடவின கருங்கல் மாதிரி பளபளத்தது.

முதுகு சரியாகிவிட்டது. கன்று முதுகிலா பால் குடிக்கும்? மடி அப்படியேதான் வெடித்துக் கிடந்தது. கன்றால் அன்று எழுந்து நிற்கவே முடியவில்லை. கழுத்தைத் தரையில் போட்டுக்கொண்டு மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளத்தாயி ஓடிப்போய்ச் சட்டியைத் தேடினாள். சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு அகப்பை அளவு மிச்சமிருந்தது.

இசக்கிக்கு உடனே அதை வழித்து மடியில் பூசிவிட வேண்டும். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, கன்று போய்விடும் என்று அவன் கத்தினான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. வெள்ளத்தாயி கையை உள்ளே விட்டாள்.

“அக்கா, கொஞ்சம் பொறு” என்றாள் சின்னப் புளிப்பு, சட்டியின் அடியிலிருந்து.

“பொறுக்கிறதுக்கு அது கிட்ட உயிரு மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுப் பேசு.”

“இதை வழித்தால் ஒரு காம்புக்குக் காணும். பாதி ஆறும். நாளைக்கு வேண்டுமென்றால் நான் இருக்கமாட்டேன். இன்று கறந்த பாலை வெதுவெதுப்பாக்கி என்னை அதில் விடு. காலையில் சட்டி முழுக்க இருப்பேன்.”

“காலையில நீ வரலைன்னா?”

“எனக்கும் இதைவிட்டால் வேறு வீடு இல்லை அக்கா.”

வெள்ளத்தாயி நிதானத்துக்குப் பேர் போனவள் இல்லை. உலை கொதிக்கும்முன் அரிசியைக் கொட்டுகிறவள். அவள் கன்றைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பிறகு இசக்கியை விலகச் சொன்னாள். பாலைக் காய்ச்சி இறக்கி, விரலை விட்டுப் பார்த்தாள். சுட்டது. காத்திருந்தாள். அவளுடைய ஆயுளில் அவ்வளவு நேரம் அவள் சும்மா நின்றதே இல்லை. திரும்ப விரலை விட்டாள். விரல் பொறுத்தது. கையில் இருந்த கடைசி மருந்தை, இருக்கிற வலிக்குப் போடாமல், பாலில் போட்டாள். மூடி வைத்தாள். ஆட்டக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கம் நடந்து போன இசக்கியையும் அதட்டினாள்.

விடிந்து மூடியைத் திறந்தபோது சட்டி நிறைய உட்கார்ந்திருந்தது, விளிம்பு வரை, கீறல் இல்லாமல்.

வெள்ளத்தாயி அள்ளி எடுத்து மடி முழுக்க, காம்பு காம்பாகப் பூசினாள். லேசாகக் கடிக்கும், பொறுத்துக்கொள் என்று காரியிடம் சொன்னாள். ஊறவிட்டு வெந்நீரால் கழுவலாம் என்று திரும்பினால், கன்று தலையைத் தூக்கியிருந்தது. வாசனை பிடித்துவிட்டது போலிருக்கிறது. முட்டி போட்டு ஊர்ந்து, தள்ளாடி எழுந்து, தாயின் அடியில் போய் நின்று, மடியில் பூசியிருந்த தயிரை நக்க ஆரம்பித்தது. காரி பின்னங்காலைத் தூக்கினாள். இசக்கி கன்றை இழுக்கப் பாய்ந்தான். வெள்ளத்தாயி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

கன்று நக்கிக்கொண்டே இருந்தது. ஊறின செதில்கள் அந்தச் சின்ன நாக்கோடு உதிர்ந்து உதிர்ந்து வந்தன. தூக்கின காலை என்ன செய்வதென்று காரிக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கன்றின் மேல் படாமல், தள்ளித் தரையில் வைத்தாள். நக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்று, குடிக்கிற சத்தம் கேட்டது.

“நல்லா முட்டு, ஒண்ணும் செய்யமாட்டேன்” என்றாள் காரி.

வெள்ளத்தாயி அங்கேயே சாணியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்ற இசக்கியைப் புல்லறுக்க அனுப்பினாள்.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? தோல் பதனிடுகிறவர் வந்தார். சுண்ணாம்பில் ஊறின தோலிலிருந்து சுண்ணாம்பு போகமாட்டேன் என்கிறது, தோல் விறைத்து நிற்கிறது என்றார். சின்னப் புளிப்பு போய்ச் சுண்ணாம்பை வெளியே அனுப்பித் தோலை மெத்தென்று ஆக்கிக் கொடுத்தாள். சாயக்காரர் வந்தார், சாயம் கம்பளியில் பிடிக்கவில்லை என்று. அவள் சாயத்தையும் கம்பளியையும் சேர்த்துவைத்தாள். பெண்கள் வந்தார்கள், முகத்தைக் காட்டிக்கொண்டு. பூசி, கொஞ்ச நேரத்தில் கழுவிவிடுங்கள், கழுவின கையோடு வெயிலில் போய் நிற்காதீர்கள் என்று அவர்களுக்கும் சொன்னாள். கேட்டவர்கள் பளபளத்தார்கள். இரண்டு மடங்கு பூசினால் இரண்டு மடங்கு அழகு என்று நினைத்தவர்கள் சிவந்த மூஞ்சியோடு திரும்பி வந்தார்கள். இன்று அவளையே சின்னக் குப்பியில் அடைத்து, லாக்டிக் அமிலம் என்று எழுதி ஒட்டி விற்கிறார்கள். அதிலும் அதே புத்திமதிதான் பொடி எழுத்தில் இருக்கிறது, இன்றும் யாரும் படிப்பதில்லை.

எல்லோரும் ஏதாவது கேட்டார்களே, உனக்கு என்ன வேண்டும் என்று கடைசியில் வெள்ளத்தாயிதான் அவளைக் கேட்டாள். எனக்கு மரம் வேண்டாம் அக்கா, சட்டியைச் சுத்தமாக வழித்துவிடாதே, அந்தக் கொஞ்சம் போதும், நாளைக்கு வந்துவிடுவேன் என்றாள் சின்னப் புளிப்பு.

அன்று முதல்தான், எவ்வளவு பசியாக இருந்தாலும் நாம் தயிர்ச் சட்டியை முழுக்க வழிக்காமல் அடியில் கொஞ்சம் விட்டுவைக்கிறோம். விரல் பொறுக்கிற சூட்டில் அதைப் பாலில் விட்டு மூடிவிட்டு, நாளைக்கு இருக்கும் என்று நம்பித் தூங்கப் போகிறோம்.