செருப்பு கடித்த சேனாதிபதி

முன்னொரு காலத்தில், கடலுக்கு அப்பால் ரோமாபுரியை டார்சியன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் கட்டிப்பிடிப்பான், மாலையில் அதே ஆளின் தலையை வாங்கச் சொல்வான். அப்படி ஒரு குணம்.

அவனுடைய சேனாதிபதி புல்வியஸ் பெரிய போரை ஜெயித்துத் திரும்பினார். அந்த ஊர் வழக்கப்படி முகத்தில் சிவப்புச் சாயம் பூசி, புதுச் செருப்பு மாட்டி, தேரில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். ஜெயித்தவருக்குத் தலைக்கனம் ஏறக்கூடாதல்லவா? அதற்காகப் பின்னால் ஓர் அடிமையை நிறுத்துவார்கள். "நீயும் மனிதன்தான்" என்று காதில் ஓதிக்கொண்டே வருவது அவன் வேலை. ஓதாவிட்டால் கசையடி. அன்றைக்கு நின்றவன் மீனோ.

ஊரே சேனாதிபதி பெயரைச் சொல்லிக் கூவியதில் அமைச்சர் கார்வினஸுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் சபையில் பற்றவைத்தார்.

"அரசே, தேரை ஒட்டியே நடந்து வந்தேன். 'இனி இந்த ஊருக்கு நானே அரசன்' என்று புல்வியஸ் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்!"

அரசனின் கண் சிவந்தது. "புல்வியஸின் தலையை வாங்குங்கள்!"

சபையில் சேனாதிபதியின் பின்னால் மீனோவும் நின்றிருந்தான். போர்க்களத்தில் அடிமைகளோடு உட்கார்ந்து கஞ்சி குடித்த மனுஷர் அவர். வாயை மூடியிருந்தால் அவர் தலை போகும். திறந்தால் தன் முதுகுத்தோல் போகும். திறந்தான்.

"அரசே, அமைச்சர் அவ்வளவு கிட்டே வந்தாராம். நான் என்ன ஓதினேன் என்று அவரைக் கேளுங்கள்."

"இதென்ன கேள்வி? 'நீயும் மனிதன்தான்' என்றாய். ஊருக்கே தெரியும்" என்று சிரித்தார் கார்வினஸ்.

அரசன் சேனாதிபதியைப் பார்த்தான். அவர் மீனோவைப் பார்த்தார்.

"சொல்லிவிடுங்கள் ஐயா. முதுகு என்னுடையது" என்றான் மீனோ.

"அரசே, 'சாயம் ஒழுகுது, சிரிக்காதீங்க' என்றான் இவன். 'சிரிக்கலடா, செருப்பு கடிக்குது' என்றேன். வழிநெடுக எங்கள் பேச்சு இதுதான்."

செருப்பைக் கழற்றச் சொன்னான் அரசன். குதிகாலில் நெல்லிக்காய் அளவு கொப்புளம்! சபை கொல்லென்று சிரித்தது. கார்வினஸ் தேர்ப்பக்கமே வரவில்லை என்பதும் வெளுத்துவிட்டது.

சிரித்து முடித்ததும் அரசனுக்குச் சட்டென்று உறைத்தது. "அடே, அப்படியானால் நீ ஓத வேண்டியதை ஓதவில்லை. எடுங்கள் சாட்டையை!"

"அரசே, மனிதன்தான் என்று அவருக்கு நினைவுபடுத்தத்தானே என்னை நிறுத்தினீர்கள்? தேர் குலுங்கும்போதெல்லாம் அந்தச் செருப்பு என்னைவிட அழுத்தமாகச் சொல்லியதே. நடுவில் நான் எதற்கு?"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மீனோவுக்கு விடுதலையோடு தன் கைக்காப்பையும் கழற்றிக் கொடுத்தான். பிறகு கார்வினஸ் பக்கம் திரும்பினான்.

"தேரை ஒட்டி நடப்பது உமக்குப் பிடிக்குமாமே? அடுத்த ஊர்வலத்தில் கூடையோடு வாரும். குதிரை லத்தி அள்ள ஆள் வேண்டும்."

சேனாதிபதிக்குச் சிலையும் வைத்தார்கள், ஒரு காலில் செருப்பில்லாமல். அவர் பிடித்த கோட்டைகளின் பெயர்கள் ஊருக்கு மறந்துபோயின. அந்த வெறுங்காலைத் தொடாமல் போகிறவர் மட்டும் எவருமில்லை. தலைக்கனம் ஏறுகிற நாட்களில் அரசனும் வந்து தொடுவான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.