பச்சைக் கட்டைக்கு முன்னிடம்

கிண்ணிப்பள்ளத்து விலங்குகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவை நெருப்பில் குளிர் காயும்! சிரிக்காதீர்கள். குளிர் என்றால் மனிதர்களுக்கு மட்டும்தான் குளிருமா என்ன?

ஐப்பசி மாதத்தில் ஓர் இடி, அங்கே பட்டுப்போய் நின்ற மருதமரத்தின் மேல் விழுந்தது. மழை விட்ட பிறகும் அந்த மரத்தின் அடிப்பொந்தில் நெருப்பு கனன்றுகொண்டே இருந்தது. முதலில் எல்லாரும் ஓடினார்கள். அப்புறம் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். மார்கழிக் குளிர் வந்ததும் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். சுகம் கண்ட உடம்பு லேசில் எழுந்திருக்குமா? நெருப்பு அணையாமல் இருக்க ஆளுக்கொரு சுள்ளி கொண்டுவந்து போட்டார்கள்.

அதுவரை பெரிய தொல்லை இல்லை. சுள்ளிகள் காய்ந்தவை. தீ சின்னது. புகையும் கொஞ்சம்தான். அப்போதுதான் நரி குழையன் ஒரு விதி கொண்டுவந்தான்.

"யாரு எங்கே உக்கார்றதுன்னு தினம் தினம் சண்டை! இனிமே அதிக கனமான கட்டையைக் கொண்டுவர்றவங்களுக்குத்தான் முன்னிடம். கனம் பார்க்கிற கஷ்டத்தை நானே ஏத்துக்கறேன். நடுவர் நெருப்புக்குப் பக்கத்துல இருந்தாத்தானே சரியா இருக்கும்? அதனால எனக்கு எப்பவும் முதல் வரிசை!"

ஆள் எப்படி, பார்த்தீர்களா! ஒரு சுள்ளி பொறுக்காமல் முதல் வரிசை! ஆனாலும் விதி எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே காட்டில் கட்டைப் போட்டி தொடங்கிவிட்டது. கரடி மலையாண்டி முழு மரத்தையே உருட்டிக்கொண்டு வந்தார். கீழே கிடந்த சுள்ளிகளை யாரும் சீண்டவில்லை. காய்ந்த விறகு கனக்காதே! கனப்பது பச்சை மரம். பச்சை மரத்தை நெருப்பில் போட்டால் என்ன ஆகும் என்று, விறகடுப்பு ஊதியவர் யாரைக் கேட்டாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொல்வார்.

பள்ளத்தைச் சுற்றிலும் மலை. மேற்கே மட்டும் ஒரு சின்ன இடைவெளி. மத்தியானத்தில் அந்த வழியாக வீசும் காற்று கொஞ்சம் புகையைத்தான் தள்ளிக்கொண்டு போகும். மிச்சமெல்லாம் பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும். இன்றைய புகை நேற்றைய புகையோடு சேர்ந்தது. அது முந்தாநாள் புகையோடு சேர்ந்தது. பத்தே நாளில் பகலிலும் சூரியன் மங்கலாகத் தெரிந்தது.

கருமந்தி பொன்னாத்தாவுக்கு ஒரு குட்டி இருந்தது. பெயர் மொச்சை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த மொச்சைக்கு இருமல் வந்துவிட்டது.

குட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்து உச்சிக்குப் போனால் குளிரில் அதன் உடம்பு விறைத்தது. நெருப்புப் பக்கம் வந்தால் புகையில் மூச்சு முட்டியது. பொன்னாத்தா மேலே ஏறினாள், கீழே இறங்கினாள், மறுபடி மேலே ஏறினாள். மூன்றாம் நாளிலிருந்து மொச்சை ஒரு சொட்டு இரண்டு சொட்டுக்கு மேல் பால் குடிக்கவில்லை. நீங்கள் பயப்படாதீர்கள், இந்தக் கதையில் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது பொன்னாத்தாவுக்கு அப்போது தெரியாதே!

புகை தாங்காமல் விலங்குகள் ஒரு கூட்டம் போட்டன. கூட்டமும் நெருப்பைச் சுற்றித்தான் நடந்தது!

முதலில் சருகுமான் எழுந்தது. "கண்ணு எரியுது. தொண்டை கமறுது. இந்தப் புகைக்கு ஒரு வழி பண்ணணும்."

"நேத்து சாயங்காலம் நீ எங்கே இருந்தே?" என்று கேட்டான் குழையன்.

"இங்கேதான் இருந்தேன்."

"குளிர் காஞ்சியா, இல்லையா?"

"காஞ்சேன்…"

"அப்ப உக்காரு! காயறதும் நீ, குறை சொல்றதும் நீயா?"

எல்லாரும் சிரித்தார்கள். சருகுமான் முகம் சுருங்கி உட்கார்ந்தது. அடுத்து முள்ளம்பன்றி எழுந்தது. அதற்கும் அதே கேள்வி, அதே சிரிப்பு. அதுவும் உட்கார்ந்தது. அந்தக் காட்டில் நெருப்பில் காயாதவர் யார்? அந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு குழையன் ஒரு காட்டையே வாயடைத்துவிட்டான்.

பொன்னாத்தாவும் பேச வந்தாள். ஆனால் முந்தின நாள் அவள் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கையில் ஒரு காய்ந்த குச்சி இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு வரிசை முன்னால் போகலாமே என்று ஒரு பச்சைக் கிளையை ஒடித்தாள். குட்டிக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்றுதான் செய்தாள். ஆனாலும் செய்தது செய்ததுதானே! வந்த பேச்சை விழுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மயில் தோகையார் நடுவில் வந்து நின்றார்.

"என்னைப் பாருங்க! இருபது நாளா நான் நெருப்புப் பக்கமே வரலை. எல்லாரும் என்னை மாதிரி இருந்தா இந்தப் புகை வருமா? அதோ அந்த அணிலைப் பாருங்க, இன்னிக்குக் காலையில மட்டும் மூணு குச்சி!"

"ஐயா, என் மூணு குச்சியையும் சேர்த்தா உங்க ஒரு இறகு நீளம்கூட வராதே!" என்று கத்தியது அணில்.

"குச்சி குச்சிதான்!" என்றார் தோகையார்.

பிறகென்ன, வெயில் ஏறும் வரை அணிலின் மூன்று குச்சியைப் பற்றியே பேச்சு. இரண்டு போதும் என்றது முயல். ஒன்றே அதிகம் என்றது கௌதாரி. கடைசியில், சின்ன விலங்குகள் எல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் மலையாண்டி அடுத்த பச்சை மரத்தை உருட்டிவிட்டார். 'புஸ்' என்று ஒரு மூட்டை புகை எழும்பியது.

அணில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. புகைதான் குறையவில்லை.

இரண்டு நாள் கழித்து மொச்சையின் இருமல்கூட நின்றுவிட்டது. இருமத் தெம்பு இல்லை. தாயின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தது. பொன்னாத்தா அதன் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். மூச்சு இருக்கிறது, ஆனால் மெல்ல, மிக மெல்ல. இனி வெட்கப்பட அவளுக்கு நேரம் இல்லை. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே நெருப்பண்டை போய் நின்றாள். காலை நேரம். எல்லாரும் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"நான் பேசணும்!" என்றாள்.

குழையன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "நேத்து நீ குளிர் காஞ்சியா, இல்லையா?"

"காஞ்சேன்."

"அப்ப உக்…"

"இன்னும் கேளு! முந்தாநாளும் காஞ்சேன். இன்னிக்கும் காயத்தான் வந்திருக்கேன். காய்ஞ்ச குச்சியைத் தூக்கிப் போட்டுட்டுப் பச்சைக் கிளையை ஒடிச்சுக்கிட்டு வந்தேன். இந்தப் புகையில என் புகையும் இருக்கு. என் பிள்ளை மூக்குல போறதுல என் பங்கும் இருக்கு. வேற என்ன கேக்கணும்? கேளு!"

குழையன் இப்போதுதான் கண்ணைத் திறந்தான். அவனிடம் இருந்ததே ஒரு கேள்வி. அதற்கும் பதில் வந்துவிட்டது!

"தப்புப் பண்ணினவதான் சொல்றேன், தப்பு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றாள் பொன்னாத்தா. "நான் ஏன் பச்சைக் கிளையை ஒடிச்சேன்? அது கனம். கனமா இருந்தாத்தான் முன்னிடம். நீங்க எல்லாரும் அதுக்குத்தானே ஒடிச்சீங்க? குளிருக்கா இவ்வளவு கட்டை? இடத்துக்குத்தானே!"

நெருப்பில் பச்சைக் கட்டை சொய் சொய் என்று நுரைத்துக்கொண்டிருந்தது.

சருகுமானுக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது. "எல்லாம் இந்த நரியாலதான்! ஒரு கட்டை கொண்டு வந்திருக்கானா இவன்? பிடிங்க அவனை! பள்ளத்தை விட்டே விரட்டுங்க!"

"விரட்டுங்க!" என்று நாலைந்து குரல் எழுந்தது. குழையன் வாலைச் சுருட்டிக்கொண்டான்.

"வேண்டாம்!" என்றாள் பொன்னாத்தா. "அவனை விரட்டிட்டு அந்த விதியை வெச்சுக்கிட்டா, நாளைக்கு வேற ஒருத்தன் கனம் பார்ப்பான். குழையன் எங்கே வேணா உக்காரட்டும், எனக்கு அதைப் பத்திக் கவலை இல்லை. விதியைத் தூக்குங்க! பச்சை மரம் நெருப்புக்கு வரக்கூடாது. குட்டிங்களுக்கும் வயசானவங்களுக்கும் முன்னிடம். மத்தவங்க பின்னால ஒட்டி உக்காந்தாலே குளிர் தெரியாது. வெயில் வந்ததும் எல்லாரும் வெயில் படற பாறைக்குப் போயிடலாம். அங்கே சும்மா கிடைக்கிற சூட்டை யாரு காயறா?"

எல்லாருடைய பார்வையும் மலையாண்டியின் மேல் திரும்பியது. முதல் வரிசையில் நடுநாயகமாக இருப்பவர் அவர்தான். கட்டையிலும் அவர் கட்டைதான் பெரிது. கரடிக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும்? பொன்னாத்தா குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மலையாண்டி நெருப்பைப் பார்த்தார். மொச்சையைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சிரிக்க மாட்டோம், சொல்லுங்க!"

"எனக்கு அங்கே வேர்க்குதுப்பா! இவ்வளவு ரோமத்தை வெச்சுக்கிட்டு முதல் வரிசையில உக்காந்தா வேர்க்காதா? முதுகெல்லாம் அரிப்பு. தூக்கமே இல்லை. முன்னிடத்தை விட்டா என்னை யாரு மதிப்பாங்கன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

சிரிக்க மாட்டோம் என்றவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையாண்டியும் சிரித்தார். எழுந்து, புகைந்துகொண்டிருந்த தன் பச்சை மரத்தை ஒரே இழுப்பில் வெளியே இழுத்து, பக்கத்து ஓடைத் தண்ணீருக்குள் தள்ளினார். அப்பாடா என்று பின்னால் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு மான்கள் தங்கள் கட்டையை இழுத்தன. காட்டுப்பன்றிகள் இழுத்தன. பொன்னாத்தாவும் பாதி எரிந்த தன் கிளையை எடுத்துக்கொண்டு போய் ஓடையில் போட்டாள்.

மத்தியானம் மேற்குக் காற்று வந்தது. தினமும் வருகிற அதே காற்றுதான். ஆனால் அன்றைக்குப் புதுப் புகை கிளம்பவில்லை. அதனால் பழைய புகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போக அதற்கு முடிந்தது. முதல் நாள் மலை முகடு தெரிந்தது. இரண்டாம் நாள் வானம் நீலமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் வெயில்பாறையில் படுத்திருந்தபோது மொச்சை 'அச்' என்று ஒரு தும்மல் போட்டது. கண்ணைத் திறந்தது. அம்மாவின் மார்பைத் தேடிப் பிடித்து, ஒரு வாரப் பசியை ஒரே மூச்சில் தீர்த்துக்கொள்வதைப் போல உறிஞ்சியது!

பொன்னாத்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "குடிக்குது! என் பிள்ளை குடிக்குது!" என்று பாறையே அதிரக் கத்தினாள். மலையாண்டி ஓடிவந்து குனிந்து பார்த்தார். மொச்சை வயிறு நிறைந்த திமிரில் அவர் காதைப் பிடித்து இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தோகையார் தயங்கித் தயங்கி நெருப்பண்டை வந்தார். இத்தனை நாள் காயாமல் இருந்தவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"நான் காயவே இல்லை. ஆனாலும் எனக்கும்தான் இருமல் வந்துச்சு," என்றார், குரல் கம்மி.

"நீங்க விட்டது நல்லதுதான், தோகையாரே. ஆனா உங்க மூக்குக்குன்னு தனிக் காத்து இல்லையே!" என்றாள் பொன்னாத்தா. "சின்னத் தீதான். காய்ஞ்ச சுள்ளிதான். வாங்க, கொஞ்சம் காயுங்க."

தோகையார் அணிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அணில் மூன்று குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சற்று நகர்ந்து வழி விட்டார். அணில் மூன்றையும் போட்டது.

குழையன் என்ன ஆனான் என்று கேட்பீர்களே! அவனும் அங்கேதான் இருந்தான், கடைசி வரிசையில், கரடிக்குப் பக்கத்தில். காலையில் சுள்ளி பொறுக்கப் போவதில் சில நாள் ஏமாற்றுவான். சண்டை வரும். மறுநாள் பொறுக்கிவிடுவான். குளிர் அதிகமான நாளில் புகையும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கிண்ணிப்பள்ளத்தில் மூச்சு விடுவது மறுபடியும் யாரும் நினைத்துப் பார்க்காத வேலையாகிவிட்டது.

தவறில் தனக்கும் பங்கு இருக்கிறதே என்று வாயை மூடிக்கொள்ளாமல், அந்தப் பங்கை ஒப்புக்கொண்டு, எல்லாரையும் தவறு செய்ய வைக்கும் விதியை மாற்றத் துணிபவரே ஊரைக் காப்பாற்றுவார்.