கேள்வி கேட்கிற வீட்டுக்காரருக்கு இரண்டு புத்தகம்

ஆவுடையம்மாள் பாளையங்கோட்டைப் புத்தகக் கண்காட்சிக்குள் நுழைந்தபோது, அவள் வீட்டு மிக்ஸி சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

கழற்றிப் போட்டது அவள் வீட்டுக்காரர் திரவியம். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மனிதருக்குச் சந்தேக வியாதி வந்துவிட்டது. பெண்டாட்டி மேல் வந்திருந்தால்கூட அவள் நாலு வார்த்தை கேட்டு அடக்கியிருப்பாள். இது உலகத்தின் மேல் வந்த சந்தேகம். இட்லி ஏன் உப்புகிறது? பல்லி ஏன் கீழே விழவில்லை? மிக்ஸி ஏன் இப்படிக் கத்துகிறது? அதைப் பார்க்கத்தான் கழற்றினார். பார்த்துவிட்டார். திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை.

மிக்ஸி போனால் அம்மி இருக்கிறது. ஆனால் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாருடைய வழுக்கையைத் திரவியம் உற்றுப் பார்த்து, "உச்சியில உள்ளதெல்லாம் போயிட்டு, சரி. சுத்தி இருக்கது மட்டும் எப்படி நிக்கி?" என்று கேட்டுவிட்டார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மகளுக்கோ அந்தப் பையனைப் பிடித்திருந்தது. தரகர் கால் தேய நடந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வருவதற்கு அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

அதற்குள் திரவியத்தின் வாய்க்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் ஆவுடையம்மாள் கோமதிநாயகத்தின் புத்தகக் கடை முன்னால் நின்றாள்.

"நெசத்தைச் சொல்லுத புத்தகம் ஒண்ணு, கதைப் புத்தகம் ஒண்ணு வேணும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரருக்கு. எதைக் கண்டாலும் ஏன், எதுக்குன்னு கேக்காக."

கோமதிநாயகம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கிய. ஆளைப் பாத்துப் புத்தகம் குடுக்கதுல என்னைய அடிக்க ஆளு கெடையாதுக்கா. நான் சொல்லல. ஊரு சொல்லுது."

பக்கத்துக் கடையில் உலக உருண்டையும் வரைபடமும் விற்கிற மரியசூசை, டீ கிளாஸோடு வந்து நின்றார். "எந்த ஊரு?"

"எல்லா ஊரும்தான். வள்ளியூர்ல ஒருத்தரு, வருசக்கணக்கா தூக்கம் கெடையாது. பாக்காத வைத்தியம் இல்ல. நான் ஒரு நாவல் குடுத்தேன். மொதப் பக்கத்துல கதாநாயகன் செருப்பு மாட்டுதான். அம்பதாம் பக்கத்துல ரெண்டாவது செருப்பு. மனுசன் அதுக்கு முன்னாலயே சாஞ்சாச்சு. கொறட்டைச் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரு, என்னதான் படிச்சாருன்னு எடுத்துப் பாத்தாரு. அவரும் சாஞ்சாரு. அவரைத் தேடி வந்த சம்சாரம், சம்சாரத்தைத் தேடி வந்த கொழுந்தன், இப்படியே தெருவே படுத்துட்டு."

"பொறவு எப்படி எந்திச்சாக?" என்றாள் ஆவுடையம்மாள்.

"நான்தான் போனேன். பின்னட்டையில இருந்த விலையைச் சத்தமா வாசிச்சேன். எல்லாரும் எந்திச்சுட்டாக."

மரியசூசை டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "இவரு வாயில வர்றதுக்கெல்லாம் ரசீது கேக்காதிய" என்று ஆவுடையம்மாளிடம் சொன்னார்.

"அது கதைப் புத்தகம். அறிவுப் புத்தகத்துக்கு இன்னும் சக்தி ஜாஸ்தி" என்று கோமதிநாயகம் அவர் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "செங்குளத்துல ஒரு விவசாயிக்குக் கெணறு வத்திட்டு. கெணறு வெட்டுததைப் பத்தி ஒரு புத்தகம் குடுத்தேன். கெணத்து மேட்டுல உக்காந்து வாய்விட்டுப் படிச்சாரு. ஊற்றைப் பத்தின அதிகாரம் வந்ததும் அடியில கசியுத சத்தம். அதுக்கடுத்த அதிகாரத்துல இடுப்பளவுத் தண்ணி. அதுக்கும் அடுத்ததுல, தண்ணி மேட்டைத் தாண்டி வாழைத் தோப்புக்குள்ள போயிட்டு. நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன். கடைசி அதிகாரம் என்ன தெரியுமாக்கா? வெள்ளம்! அதையும் படிச்சிருந்தா, இன்னைக்குச் செங்குளத்துக்குப் படகுலதான் போவணும்."

"எங்க அக்காவைச் செங்குளத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. அங்க குடிக்கத் தண்ணி லாரியிலல்லா வருது?" என்றாள் ஆவுடையம்மாள்.

"பின்ன? புத்தகத்தைத்தான் மூடிட்டோம்லா."

மரியசூசைக்குப் புரையேறியது. கோமதிநாயகம் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"இது போவட்டும். என் கடைக்கே ஒரு திருடன் வந்தான். நான் கத்தல. ஒரு துப்பறியும் நாவலைக் கையில குடுத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சு வச்சுக்கிட்டேன். அதோட அவன் பொழப்பு போச்சு. கொலைகாரன் யாருன்னு தெரியாம கை ஓடல. பூட்டை ஒடைச்சு உள்ள போவான், பீரோவுல நகை கெடக்கும், அதை ஒதுக்கிட்டு, 'அந்தப் புத்தகம் இங்க இருக்கா'ன்னு தேடுவான். கடைசியில போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சரணடைஞ்சான். இன்ஸ்பெக்டரு அந்த நாவலைப் படிச்சவரு. 'உண்மையை ஒத்துக்கோ, இல்லேன்னா கொலைகாரன் யாருன்னு சொல்ல மாட்டேன்'னாரு. செஞ்ச திருட்டு, செய்யாத திருட்டு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்."

ஆவுடையம்மாளுக்குக் கால் கடுத்தது. வீட்டில் திரவியம் தனியாக இருந்தார். ஸ்குரூ டிரைவரும் கூட இருந்தது. இந்த மனிதர் இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே விடிந்துவிடும். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க பாத்துத்தான் குடுக்கணும். போன மாசம் வெவரம் தெரியாம நட்சத்திரத்தைப் பத்தி ஒரு புத்தகம் வாங்கிக் குடுத்துட்டேன். மொட்டை மாடியில வச்சுப் படிச்சாக. படத்துல இருக்க எடத்துல ஒரு நட்சத்திரம் இல்ல, கொஞ்சம் விலகி நிக்கின்னு சொன்னாக. பேசாம வந்து படுங்கன்னேன். கேக்கல. துணி காயப் போடுத கம்பை எடுத்து, எக்கி, அதைத் தள்ளி நேரா வச்சுட்டாக."

சாய்ந்திருந்த கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறுநாள் சூரியன் பத்து நிமிசம் லேட்டு" என்றாள் ஆவுடையம்மாள். "பால்காரன் என்னையல்லா ஏசுதான்."

மரியசூசை கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எந்த நட்சத்திரம்க்கா?" என்று கோமதிநாயகம் மெல்லக் கேட்டார்.

"பகல்ல எப்படிக் காட்ட?"

கோமதிநாயகம் எழுந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் போய் ஒரு புத்தகத்தை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். அவர் பேசாமல் புத்தகம் தேடி மரியசூசை பார்த்ததே இல்லை. கடைசியில் இரண்டு தடித்த புத்தகங்களோடு வந்தார்.

"இது சமுத்திரத்தைப் பத்தினது. எவ்வளவு கேள்வி கேட்டாலும் இதுல பதில் இருக்கு. சமுத்திரத்தை யாராலயும் கழட்ட முடியாது. இது கொலைக் கதை. பூட்டின அறைக்குள்ள ஒருத்தன் செத்துக் கெடக்கான். படிக்கவுகளே மண்டையை ஒடைச்சுக்கிட வேண்டியதுதான்."

ஆவுடையம்மாள் கொலைக் கதையில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது திரவியம் கூடத்து மூலையில் கொலைக் கதையோடு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னார், மறுபடியும் குனிந்துகொண்டார். காப்பி வந்தது. திடீரென்று அவர் தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்தார். பார்வை நேராக வழுக்கையில் போய் நின்றது. வாயைத் திறந்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு ஆளு அறைக்குள்ள செத்துக் கெடக்கான். கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு. சாவி அவன் சட்டைப் பையில. எப்படி?"

மாப்பிள்ளையின் தகப்பனார் டம்ளரைக் கீழே வைத்தார். ஆவுடையம்மாளுக்கு உயிரே போய்விட்டது.

"ஜன்னல்?" என்றார் அவர்.

"கம்பி போட்டிருக்கு."

"ஓடு வேஞ்ச வீடா, கான்கிரீட் போட்டதா?"

"அட, அதை நான் பாக்கலியே!"

அவர் நாற்காலியை இழுத்துத் திரவியத்தின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்து தேதி, மண்டபம், பந்திக்கு என்ன பாயசம் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். புறப்படும்போது சம்பந்தி கொலைக் கதையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார். திரவியம் கடைசி அதிகாரத்தைப் படிக்கவில்லை. அன்று அவர் படுக்கவே இல்லை.

அதனால் திங்கட்கிழமை ஆவுடையம்மாள் அதே புத்தகத்தில் இன்னொன்று வாங்க மறுபடியும் கண்காட்சிக்குப் போனாள். கோமதிநாயகத்தின் கடை முன்னால் நல்ல கூட்டம். அவர் நாற்காலி மேலேயே ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"துணி காயப் போடுத கம்பால நட்சத்திரத்தைத் தள்ளினாரு பாருங்க, மறுநாள் சூரியன் ஒரு மணி நேரம் லேட்டு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருத்தரும் நம்பவில்லை. கோமதிநாயகத்துக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அப்போதுதான் ஆவுடையம்மாளைப் பார்த்தார்.

"இந்தா, அவரு சம்சாரமே வந்துட்டாக! அவுககிட்டயே கேளுங்க! யக்கா, சொல்லுங்க!"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"ஒரு மணி நேரமா?" என்றாள் ஆவுடையம்மாள். "வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லாதிய அண்ணாச்சி. பத்து நிமிசந்தான்."