கம்பைலருக்குப் பிடிவாதம் வந்த கதை

அந்தக் காலத்தில் கம்பைலருக்கு வாய் இருந்தது. குணமும் தங்கம். மனிதர் எழுதும் நிரலைப் படித்து இயந்திரத்துக்குப் புரியவைப்பதுதான் அதன் வேலை. யார் எதைக் கொண்டுவந்தாலும் தலையாட்டிவிடும்.

அப்போது ஒரு மருத்துவமனைக்கு, ரத்தம் தருபவர்களின் பட்டியல் தேவைப்பட்டது. ஆட்களின் பெயர்களைக் குறிக்க, நிரலில் 'பெயர்' என்றொரு தரவு வகையை யாரோ உருவாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பெயர்களில் எது முன்னால் வரும் என்ற விதியை மட்டும் எழுதாமல் போய்விட்டார்கள். பட்டியலை அடுக்கிய தெய்வானை, இனிஷியலைப் பார்த்து அடுக்க ஒரு விதி எழுதினாள். தேடும் பகுதியைச் செய்த அருளப்பன், இனிஷியலைத் தள்ளிவிட்டுப் பெயரைப் பார்க்க வேறொரு விதி எழுதினான்.

"ஒரே வகைக்கு ரெண்டு விதியா?" என்று தயங்கியது கம்பைலர்.

"அவங்க பக்கம் அவங்க விதி, என் பக்கம் என் விதி. உனக்கென்ன வந்துச்சு?" என்றான் அருளப்பன்.

கம்பைலர் தலையாட்டி இரண்டையும் ஏற்றுக்கொண்டது. சொல்லப்போனால், அந்த நல்ல குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஒரு மாதம் கழித்துப் பூரணம் என்பவளுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையதோ அபூர்வமான ரத்தம்.

"போன தடவை வே. அந்தோணிதான் கொடுத்தார். நம்பர் பாருங்க, சீக்கிரம்!" என்றாள் நர்ஸ் ரோசலின்.

அருளப்பனின் நிரல் பட்டியலின் நடுவில் திறந்தது. அங்கே ந. மாடசாமி. மாடசாமிக்கு முன்னால்தானே அந்தோணி என்று பின்பாதியை அப்படியே ஒதுக்கிவிட்டு முன்பாதியில் தேடியது. தெய்வானையின் அடுக்கிலோ 'வே' கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"அப்படி ஒருவர் இல்லை" என்றது இயந்திரம்.

தெய்வானை பதறிப்போய் மொத்தப் பட்டியலையும் ஒவ்வொரு பெயராகப் படித்து அந்தோணியைக் கண்டுபிடித்தாள். ஒரு மணி நேரம் போயிருந்தது. அவர் ஓடிவந்து ரத்தம் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. பூரணம் பிழைக்கவில்லை.

கம்பைலருக்கு அழுகை வந்தது. "இனிமே ஒரு வகைக்கு, அடுக்குறது மாதிரி ஒரு வேலைக்கு, ஒரே விதிதான். அதையும் அந்த வகை பிறந்த இடத்துல எழுதுங்க, இல்லாட்டி அந்த வேலை பிறந்த இடத்துல எழுதுங்க. நடுவுல யாரும் ஒட்டவைக்கக் கூடாது" என்றது.

"வேற மாதிரி அடுக்கணும்னா?" என்று தலைகுனிந்தபடி கேட்டான் அருளப்பன்.

"புதுப் பேர் வச்சுப் புது வகையா கொண்டு வாங்க. ரெண்டும் கலக்காது."

அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை. அன்று முதல்தான் அந்த நிரல் மொழியில் ஒரே வகைக்கு அதே வேலைக்கு இரண்டாவது விதியைக் கண்டால், கம்பைலர் சிவப்பில் ஒரு பிழை வரி காட்டிவிட்டு அசையாமல் நின்றுவிடுகிறது. பூரணத்தைத் தெரியாத நாம் அதைத் திட்டுகிறோம்.