புள்ளி அழிந்த மணிகள்

நீதான். வேறு யாரையோ சொல்கிறேன் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்க்காதே. மணிகளில் இருந்த புள்ளிகளை அரத்தால் தேய்த்து அழித்தவன் நீதான். உன் வேட்டி மடிப்பில் வெண்கலத் தூள் மினுங்கியதை ஊரே பார்த்தது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. கதைக்கு வாயை மூடத் தெரியாது. உட்கார். முழுக்கக் கேட்டுவிட்டுப் போ.

மற்றவர்களும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் வாருங்கள். உயரமானவர்கள் அவர்களை மறைக்காமல் நகருங்கள்.

கதை என்பதால் ‘வெகு காலத்துக்கு முன்னே’ என்றே தொடங்குகிறேன்: மலை இறங்கிவந்து கடலில் கால் நனைக்கிற ஓரிடத்தில், ஓசைப்பட்டினம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஒரு மணிக்கோபுரம். அதில் அடுக்கடுக்காக மணிகள். ஒவ்வோர் அடுக்கிலும் ஏழு மணிகள்: ச ரி க ம ப த நி. மேல் அடுக்குக்குப் போனாலும் அதே ஏழு பெயர். கீழ் அடுக்குக்கு வந்தாலும் அதே ஏழு பெயர். அப்படியானால் எந்த ‘ச’ எந்த வீட்டு ‘ச’ என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் புள்ளி. கீழ் அடுக்கு மணிக்கு எழுத்தின் கீழே புள்ளி. மேல் அடுக்கு மணிக்கு எழுத்தின் மேலே புள்ளி. இன்னும் கீழே, இன்னும் மேலே போனால் புள்ளிகள் கூடும். நடு அடுக்குக்கு மட்டும் புள்ளியே கிடையாது.

அந்த நடு அடுக்கின் ‘ச’தான் ஊரின் உயிர். விடிந்ததும் பூங்காவனம் என்ற பெண் கோபுரம் ஏறி அந்த ஒரு சுவரத்தை நீட்டிப் பாடுவாள். அதைக் கேட்டுத்தான் நாகஸ்வரக்காரர் சீவாளியைச் சரிசெய்வார். அதைக் கேட்டுத்தான் வலை இழுப்பவர்கள் ஏலேலோ பிடிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் தாய்மார்கள் தாலாட்டை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வார்கள்.

பூங்காவனத்துக்கு ஓர் அக்கா. பெயர் செங்கமலம். வெல்ல மண்டி வைத்திருந்தாள். விற்றது வெல்லம், பேச்சு மிளகாய். தாய் தகப்பன் இல்லாமல் தங்கையைத் தூக்கி வளர்த்தவள். சந்தையில் அடிபட்டு, ஏமாந்து, பிறகு யாரும் ஏமாற்ற முடியாதவளாக ஆனவள். துண்டுக்கு அடியில் கைவிட்டு விரல் பிடித்துப் பேரம் பேச உட்கார்ந்தால், எதிரே இருப்பவனுக்கு வேர்த்துவிடும்.

ஒருநாள் கடூரன் என்ற மந்திரவாதி அந்த ஊருக்கு வந்தான். கோபுரத்தின் அடியில் நின்று பாடினான். பாட்டா அது! உச்சாணியில் ஏறிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று ஒரே அலறல். நாய்கள் ஊரைவிட்டு ஓடின.

பூங்காவனம் பொறுமையாகத்தான் சொன்னாள். “ஐயா, சுவரம் சரிதான். அடுக்குதான் தப்பு. நீங்க மேல் அடுக்குல நிக்கறீங்க. நாங்க நடு அடுக்குல இருக்கோம்.”

கடூரனுக்கு மூக்கு சிவந்தது. “ச என்றால் ச தானே? எந்த ச-வாக இருந்தால் என்ன?”

“அப்படிச் சொன்னா எப்படிங்க? தெருப் பேரு மட்டும் சொல்லிட்டு வீட்டு நம்பர் சொல்லாத மாதிரி இல்ல இருக்கு?”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினை. கடூரன் கோலை வீசினான். பூங்காவனம் நின்ற இடத்தில் பூங்காவனம் இல்லை. கோபுரமும் இல்லை. மணிகள் எல்லாம் இறங்கி, கோட்டைச் சுவர் நெடுகிலும் ஒரே வரிசையாகத் தொங்கின. தெற்கு மூலையில் அண்டா போன்ற மணி. வடக்கு மூலையில் புளியங்கொட்டை போன்ற மணி. தன் பையிலிருந்து இன்னும் எத்தனையோ பொடி மணிகளை எடுத்து வடக்குப் பக்கம் கோத்துவிட்டான் அந்தப் பாவி.

“நடு ச-வுக்குள் இருக்கிறாள் உங்கள் பாட்டுக்காரி,” என்றான். “சரியான மணியை அடித்தால் வருவாள். மூன்று அடிதான். மூன்றும் தப்பினால் அவள் என்றைக்கும் வெண்கலம்தான்.”

ஆனால் புள்ளிகள் இருந்தனவே? புள்ளி இல்லாத ‘ச’வைக் கைக்குழந்தைகூடக் காட்டிவிடுமே? கடூரனுக்கும் அது தெரியும். அவன் மந்திரத்தால் புள்ளியைத் தொட முடியாது. ஊர்க்கை போட்ட புள்ளியை ஊர்க்கைதான் அழிக்க முடியும்.

அங்கேதான் நீ வந்தாய். ஒரு பொன்னாடைக்கு. சரிகைகூட அசலில்லை அதில்.

விடிந்து பார்த்தால் ஒரு மணியிலும் புள்ளி இல்லை. புள்ளி இல்லாதது நடு என்றால், எல்லா ‘ச’வும் நடு ‘ச’தான்! சுவர் நெடுக ‘ச’, ‘ச’, ‘ச’. எல்லாம் ஒரே முகத்தோடு செங்கமலத்தைப் பார்த்தன.

“யார்டா அழிச்சது?” என்று கத்தினாள்.

ஊர் வானத்தைப் பார்த்தது.

முதலில் ராஜாவின் ஆட்கள் கயிறோடு வந்தார்கள். தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலை வரை அளந்து, கயிற்றைச் சரிபாதியாக மடித்து, அந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த ‘ச’வை ஓங்கி அடித்தார்கள். எருமை முக்காரமிட்டதுபோல ஒரு சத்தம்! பெரிய மணிகள் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் கயிற்றின் பாதி கீழ் அடுக்கில் போய் விழுந்திருந்தது. வரிசை முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த கடூரன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “ச என்றால் ச தானே? எந்த ச-வாக இருந்தால் என்ன?”

அடுத்து அரண்மனைப் பாடகர்கள் வந்தார்கள். “கயிறால் அளக்க இது என்ன வேலியா? எண்ணிப் பார்க்க வேண்டும்,” என்றார்கள். எண்ணுவதற்குள்ளேயே சண்டை. அடியிலுள்ள அடுக்கை ஒன்று என்றார் ஒருவர். அது தரை, அதற்குமேல்தான் ஒன்று என்றார் இன்னொருவர். ஒருவர் மூன்று என்ற அடுக்கை மற்றவர் நான்கு என்றார். கடைசியில் ‘ச’க்களை மட்டும் எண்ணி, சரியாக நடுவில் வந்ததை அடித்தார்கள். கொசு காதுக்குள் புகுந்ததுபோல ‘ஙீ’ என்றது. கடூரன் கோத்த பொடி மணிகள் எண்ணிக்கையை மேலே இழுத்துவிட்டிருந்தன. களிம்பு இன்னும் கறுத்தது. கடூரன் மறுபடியும் சிரித்தான். “ச என்றால் ச தானே? எந்த ச-வாக இருந்தால் என்ன?”

மிச்சம் ஒரே ஓர் அடி.

எருமைக்கும் கொசுவுக்கும் நடுவே இன்னும் சில ‘ச’க்கள் இருந்தன. ஆண்கள் ஒன்றைக் காட்டி, “இதுதான், எங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றார்கள். பெண்கள் அதற்கு மேலே வேறொன்றைக் காட்டி, “உங்க காதைக் கழட்டிக் கழுவுங்க, இதுதான்,” என்றார்கள். ஆண்களுக்கு எது பாடச் சுகமோ அது அவர்கள் ஞாபகம். பெண்களுக்கு எது சுகமோ அது அவர்கள் ஞாபகம்.

மந்திரி கனைத்துக்கொண்டு, “பூவா தலையா போட்டுப் பார்க்கலாமே?” என்றார்.

“உங்க வீட்டுப் பொண்ணு உள்ள இருந்தா போடுவீங்களா மந்திரி ஐயா?” என்று சீறினாள் செங்கமலம். “சுத்தியல இங்க குடுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் எவனாவது மணிப்பக்கம் போனீங்க, கையை ஒடிச்சுருவேன்!”

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கோட்டை வாசலில் கடூரனின் கழுதை கட்டியிருந்தது. மந்திரவாதியின் கழுதை ஆயிற்றே, பேசும்.

“அம்மணி, வெல்ல வாசனை அடிக்குதே,” என்றது கழுதை.

“உன் எசமானன் ரகசியம் சொல்லு, தர்றேன்.”

“பத்து உருண்டை.”

“பத்தா? கழுதைக்கு வாய் நீளம்! ஒண்ணு தர்றேன்.”

“துண்டைப் போடுங்க, முறையாப் பேசுவோம்.”

செங்கமலம் துண்டை விரித்தாள். அவள் கையை விட்டாள். அது குளம்பை விட்டது. அவள் விரலால் அழுத்தினாள். அது குளம்பால் தட்டியது. அது ஒன்பது என்றது, அவள் முறைத்தாள். அது ஏழு என்றது, அவள் எழுந்துகொள்ளப் பார்த்தாள். அது மளமளவென்று இறங்கியது. அவள் நூல் நூலாக ஏறினாள். மூன்றில் வந்து இரண்டும் முட்டிக்கொண்டன.

“கொள்ளைக்காரி,” என்று முனகிவிட்டு மூன்று உருண்டையையும் தின்ற கழுதை, நிமிர்ந்து கத்தியது: “ஈஈ... ஹாஆ!”

“காது போச்சுடா!”

“அதுதான் ரகசியம் அம்மணி. ‘ஈ’யும் ‘ஹா’வும் ஒரே சுவரம். ஒண்ணு மேல் அடுக்கு, ஒண்ணு கீழ் அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் ‘ச’வில் தொடங்கும், ‘நி’யில் முடியும். ‘நி’ அடுத்த ‘ச’வோட தோளை இடிச்சுக்கிட்டு நின்னாலும் அவ கீழ்வீட்டுக்காரிதான். அடுக்கு மாறுற வாசப்படி எப்பவும் ‘ச’தான்.”

“சரி, நடு வாசப்படி எது?”

“அது எனக்கெப்படித் தெரியும்? மேலே குதிப்பேன், கீழே விழுவேன். நடுவுல நின்ன கழுதையை எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

செங்கமலத்துக்கு அந்தக் கழுதையை உதைக்கலாம்போல இருந்தது. ஓங்கிய கால் அப்படியே நின்றது. தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

பத்துக்கும் ஒன்றுக்கும் பாதி மூன்றா? இல்லையே! கயிறு போட்டு அளந்தால் மூன்று வராது. எண்ணிப் பார்த்தாலும் வராது. ஒருத்தர் மேலேயிருந்து இறங்கி, ஒருத்தர் கீழேயிருந்து ஏறி, இரண்டு பேருக்கும் கொஞ்சம் வலிக்கிற இடத்தில் கை முட்டியதே, அதுதான் நடு! இத்தனை வருஷம் சந்தையில் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்?

ஓடினாள். சுவரடியில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஊரைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

“ஆம்பளைங்க எல்லாம் தெக்குப் பக்கம் போங்க! உங்க சுகமான ‘ச’வுல ஆரம்பிச்சு படிப்படியா ஏறுங்க. பொம்பளைங்க வடக்குப் பக்கம்! உங்க சுகத்துலேருந்து படிப்படியா இறங்குங்க. தொண்டை வலிக்கற வரைக்கும் யாரும் நிக்கக் கூடாது!”

“மந்திரவாதி கோவிச்சுக்குவானேம்மா,” என்றார் ஒரு பெரியவர்.

“நான் கோவிச்சா பரவாயில்லையா அண்ணாச்சி? தெனம் காலையில அவ குரலை ஓசியில வாங்கிக்கிட்டீங்களே, இன்னிக்கு உங்க குரலை அவளுக்குக் குடுக்க வலிக்குதா?”

வலைக்காரர் ஒருவர் முதலில் வாயைத் திறந்தார். அப்புறம் இன்னொருவர். ஆண்கள் ஏறினார்கள்: ச, ரி, க, ம... பெண்கள் இறங்கினார்கள்: ச, நி, த, ப... அவர்கள் கடந்த மணிகள் கொட்டாவி விட்டதுபோல லேசாக முனகி அடங்கின. ஆண்களுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பெண்களுக்குக் குரல் அடிவயிற்றில் போய் ஒட்டியது. கடைசிப் படியில், இரண்டு பக்கமும் யாருமே காட்டாத ஒரு ‘ச’வில், ஆண்குரலும் பெண்குரலும் ஒன்றாகி, எது யாருடையது என்றே தெரியாமல் கலந்தன.

அப்போது, யாரும் தொடாமலே, ஒரு மணி அதிர்ந்தது.

முதலில் மெதுவாக. பிறகு சுவரே நடுங்க. களிம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. கடூரன் குதித்து எழுந்தான். “ச என்றால் ச தானே! எந்த ச-வாக...”

“இந்த ‘ச’டா!” என்றாள் செங்கமலம். ஓங்கி ஓர் அடி.

வெண்கலம் இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து பூங்காவனம் வந்தாள், தலையெல்லாம் பச்சைத் தூளோடு.

“ஏன்க்கா இவ்வளவு நேரம்?”

“உனக்கென்னடி, நீ உள்ள நிம்மதியாத் தொங்கிட்டிருந்த. நான் இல்ல இந்த ஊரைப் பாட வெச்சேன்!” என்று திட்டிக்கொண்டே அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். அதையும் கோபமாகவே அழுதாள்.

கடூரன் சுருங்கினான், சுருங்கினான், சுருங்கிச் சில்வண்டானான். இன்றும் மரத்தில் உட்கார்ந்து உச்சி அடுக்கில் கீச்சிடுகிறானே, அவன்தான். அவன் மாயம் விட்டுப்போனதும் மணிகள் கோபுரமாக மறுபடி அடுக்கிக்கொண்டன; பிளந்த மணியும் கூடிக்கொண்டது. கழுதைக்கு ஆயுசு முழுக்க வெல்லம் என்று ஏற்பாடாயிற்று. ராஜா செங்கமலத்தைக் கூப்பிட்டு, “பாதி ராஜ்ஜியம் எடுத்துக்கொள்,” என்றார்.

“பாதி கீதியெல்லாம் பேசாதீங்க மகாராஜா, அதை நம்பித்தான் முதல் அடி வீணாப் போச்சு. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். மணிக்குப் புள்ளி திரும்பி வரணும்.”

“நாளைக்கே நூறு கொல்லர்களை அனுப்புகிறேன்.”

அனுப்பினார். அவர்கள் வெட்டிய புள்ளிகள் மறுநாளே மறைந்தன. அழித்த கையே மறுபடி வெட்டினால்தான் அந்தப் புள்ளி நிற்கும். அதனால்தான் பூங்காவனம் இன்றைக்கும் ஒருநாள் விடாமல் கோபுரம் ஏறுகிறாள். காய்ச்சல் என்றால் ஏறுகிறாள். மழை என்றால் ஏறுகிறாள். அவள் ஒருநாள் தூங்கிவிட்டால் இந்த ஊருக்கு நடு எது என்று சொல்ல மணிகளில் எந்த அடையாளமும் இல்லை. ஊர் பாடிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் எத்தனை தடவை?

கதை முடிந்தது. உன் வேலை முடியவில்லை.

அன்றைக்கு நீயும் பாடினாய். தெற்குப் பக்கம், மூன்றாம் வரிசை, பொன்னாடையை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு. கடைசிப் படியில் உன் குரல் உடைந்தது, அது செங்கமலம் காதில் விழுந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் உன் பெயரைச் சொல்லாமல் இருக்கிறாள். அந்தப் பொறுமையும் தீர்ந்துகொண்டிருக்கிறது.

எழுந்திரு. உளி இதோ. கீழ் அடுக்குக்குக் கீழே புள்ளி, மேல் அடுக்குக்கு மேலே புள்ளி, நடுவைத் தொடாதே. பூங்காவனம் ஏறிக் களைத்த படிகளில் இன்றைக்கு நீ ஏறு. ஒரு புள்ளி பாக்கியில்லாமல் வெட்டி முடி. அவள் ஒருநாள், ஒரே ஒருநாள், வெயில் வரும்வரை தூங்கட்டும்.