குருவம்மாள் கொடுத்தது

சீடன் என்றால் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். லூர்துசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாதி ஆயுள் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போய்விட்டது. தலை நரைத்த பிறகு, நோயாளியின் முகம் பார்த்து வைத்தியம் பழகும் ஆசை வந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய காசநோய் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் குரு டாக்டர் மங்கையர்க்கரசி. வயதில் பத்து வருஷம் இளையவர். அதனாலென்ன, தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே!

அன்று காலை லூர்துசாமி முகம் செத்துப்போய் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, குருவம்மாள் மாத்திரையை முழுங்கவே இல்லை."

"தினமும் எதிர்ல நின்னு முழுங்க வைக்கிறது நீங்கதானே?"

"நாக்குக்கு அடியில ஒதுக்கிட்டுத் தண்ணி குடிச்சிருக்கா. நான் திரும்பினதும் துப்பியிருக்கா. தலையணைக்குக் கீழே பதினொரு நாள் மாத்திரை கிடக்கு."

"ஏனாம்?"

லூர்துசாமி தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் வெட்கக்கேடு. சொல்லாவிட்டால் ஓர் உயிர் போய்விடும்.

"என் வாய்தான்மா காரணம்" என்றார்.

விஷயம் இதுதான். குருவம்மாளின் மூத்த மகள் முத்துப்பேச்சி இதே நோயில் மாசி மாதம் இறந்துபோனாள். பத்தொன்பது வயது. இளையவளுக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். "ஒரே பாயில படுத்த பிள்ளைகளாச்சே சார், இவளை மட்டும் ஏன் கொண்டு போச்சு?" என்று தாய் கேட்டாள்.

விடை தெரிந்த கேள்வி! மனுஷன் விடுவாரா? அந்த வீட்டார் எல்லோருடைய ரத்தத்தையும் தன் ஆய்வுக்காகப் பார்த்து வைத்திருந்தார். கிருமியை உடம்புக்குக் காட்டிக்கொடுக்கிற மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒன்று அப்பாவிடமிருந்து வரும், ஒன்று அம்மாவிடமிருந்து. "உன்கிட்ட ரெண்டு இருக்கு. இந்தக் கிருமிகிட்ட அசந்துபோற ரகம் மூத்தவளுக்குப் போயிருச்சு. மற்றது இளையவளுக்கு" என்று விரல் நீட்டி விளக்கிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

அன்றோடு அவள் மருந்தை விட்டுவிட்டாள். "என் பிள்ளைக்கு நானே எமனாயிருக்கேன். எனக்கு எதுக்கு சார் மாத்திரை?" என்று இன்று காலைதான் வாய் திறந்தாள்.

"நான் பொய் சொல்லலையே அம்மா" என்றார் லூர்துசாமி. "இப்போ பொய் சொல்லித் தேத்தணுமா?"

டாக்டர் எழுந்தார். அன்றைய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக்கொண்டு பெண்கள் வார்டுக்கு நடந்தார். லூர்துசாமியும் பின்னாலேயே போனார்.

குருவம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பதினொரு நாளில் ஆள் பாதியாகியிருந்தாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"முத்துப்பேச்சிக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

குருவம்மாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மூணு வயசுல. மணல்வாரி. தெருவுல எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் வந்துச்சு. வேப்பிலையில படுக்கப் போட்டேன். ஏழாம் நாள் எந்திரிச்சுக் கஞ்சி கேட்டா."

"அப்புறம்?"

"நாலாப்பு படிக்கையில டைபாய்டு. பிழைக்க மாட்டான்னாங்க. ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. பிழைச்சுட்டா."

"அப்புறம்?"

"மஞ்சக்காமாலை. அதுக்கும் அசரலை எம்புள்ள..."

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார்.

"அத்தனையையும் தாங்கின உடம்பு யாரு குடுத்தது, குருவம்மா?"

அவள் மெல்லத் திரும்பினாள்.

"அப்போ இந்தத் தடவை மட்டும் ஏன் தோத்துச்சு?"

"தெரியலை. அதே ரகம் இருக்கிற எத்தனையோ பேருக்கு இந்த நோய் வரவே இல்லை. உன் மகளுக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, இந்த சாருக்கும் தெரியாது."

லூர்துசாமிக்குக் கூசியது. ஆனால் ஆமாம் என்று தலையாட்டினார்.

குருவம்மாள் வாய்விட்டு அழுதாள். மகள் போனதிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளே கை நீட்டினாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் லூர்துசாமி தாங்கமாட்டாமல் கேட்டார்.

"எனக்கு இது தோணாமப் போச்சே அம்மா! இத்தனை படிச்சும் என்ன பிரயோஜனம்? உங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

டாக்டர் நின்றார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலை சார். கயத்தாறுல, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய். நானும் உங்களை மாதிரிதான், பதில் தெரிஞ்ச சந்தோஷத்துல சொல்லிட்டு வந்துட்டேன். அவகிட்ட இதைக் கேட்கணும்னு எனக்குத் தோணினப்போ, கேட்க அவ இல்லை."