வெண்காடி ஊற்றிய கூழ்

கதை கேட்க வந்தவர்களே, காதைக் கொடுங்கள். உங்கள் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலத்தில், மழவரையன் என்ற தலைவனிடம் ஒரு சத்தியப் படை இருந்தது. அந்த வீரர்களுக்கு வீடு கிடையாது, வயல் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு சத்தியம். யார் கையால் உண்டார்களோ, அவர் பொருளைத் தொடமாட்டார்கள்; பிறரைத் தொடவும் விடமாட்டார்கள். அதனால் மழவரையன் கெட்டிக்காரத்தனமாகத் தன் கையாலேயே அவர்களுக்குச் சோறு பரிமாறி வந்தான்.

சோறு அவனுடையதா? இல்லை. படையின் சாப்பாட்டுக்கென்று அரசன் விட்டிருந்த மருதக்குறை என்ற ஊரில் விளைந்தது. அந்த ஊர்க் களஞ்சியத்தைக் காத்தவள் வெண்காடி என்ற உழவுக்காரி. புலவர்கள் வேலைப் பாடினார்கள், வாளைப் பாடினார்கள், குதிரையையும் பாடினார்கள். ஏரை ஒருவரும் பாடவில்லை. வெண்காடி அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

போர் வந்தது. மழவரையன் நெல் கேட்டான், அளந்து கொடுத்தாள். வைக்கோல் கேட்டான், அள்ளிக் கொடுத்தாள். மூன்றாவதாக, அவள் எடுத்து வைத்திருந்த விதைநெல்லையே கேட்டான். விதை போனால் ஊரும் பட்டினி, படையும் பட்டினி. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

விதையை எடுக்க முப்பது வீரர்கள் வெயிலில் வந்து நின்றார்கள்.

"பசியோட வந்திருக்கீங்க. முதல்ல கூழ் குடிங்கய்யா," என்றாள். தன் வீட்டுப் பானையிலிருந்து தானே ஊற்றினாள். எல்லோரும் வயிறாரக் குடித்தார்கள்.

பிறகுதான் கேட்டாள்: "இப்போ யார் கையால உண்டீங்க?"

வீரர்களுக்குத் தங்கள் சத்தியம் நினைவுக்கு வந்தது. ஒருவர் பின் ஒருவராகக் களஞ்சியத்துக்கு முன்னால் காவலாக நின்றார்கள்.

செய்தி கேட்டு மழவரையன் குதிரையில் பறந்து வந்தான். "என் சோற்றைத் தின்றவர்களா இப்படி நிற்பது?" என்று கத்தினான்.

கண்டன் என்ற வீரன் பணிவாகச் சொன்னான்: "உங்க கையாலயும் உண்டோம், உங்க மேல வேல் தூக்கமாட்டோம். இந்த அம்மா கையாலயும் உண்டுட்டோம், விதையைத் தரமாட்டோம்."

வெண்காடி மழவரையனிடம் ஒரு கலயத்தை நீட்டினாள். "வர்ற வருசமும் உங்க படைக்கு நான்தான் படியளக்கணும். குடிங்கய்யா."

குடித்தால் படைத்தலைவனான தானும் அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். குதிரையிலிருந்து இறங்கிக் கலயத்தை வாங்கினான். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

போர் முடியும்வரை படை அரை வயிற்றோடு மழவரையனின் கோட்டையைக் காத்தது. விதை மண்ணுக்குப் போனது. தை மாதத்தில் புது நெல்லின் முதல் சோற்றை வெண்காடியே பரிமாறினாள். முதல் பந்தியில் மழவரையன் உட்கார்ந்திருந்தான்.

வேல் பிடிக்கும் கையும் ஏர் பிடிக்கும் கை ஊட்டித்தான் வாழ்கிறது. அதை மறந்தவன் தன் நாளைய சோற்றைத் தானே கொள்ளையடிக்கிறான்.